செயின் முடிஞ்சுது, தொட வேண்டாம்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை.

மின்தடை இல்லை. வானம் மூட்டம். போர் தண்ணீர் சரியாக வந்தது.

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்து நான்கு வருடம் ஆகிறது. லாக் புக் எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த டைரி.

நாளை விஜயதசமி. மகள் கோகிலவாணி கிளம்புகிறாள். ஈரோட்டிலிருந்து தவாங். அருணாசலப் பிரதேசத்தில், சீன எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். தனியாக, மோட்டார் சைக்கிளில். பெருந்துறையில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. ஒரு மாதம் விடுப்பு போட்டிருக்கிறாள். வயது இருபத்தொன்பது. எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. இதை அவளிடம் நான்கு தடவை சொல்லிவிட்டேன்.

"ஆட்சேபண இல்லாதவங்க ஒருக்கா சொன்னாப் போதாதுங்களா?" என்கிறாள் துளசிமணி. என் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பூஜைக்குக் கட்டிங் பிளேயர், டெஸ்டர், அரிவாள்மனை, தையல் மெஷின், என் பழைய மொபெட் எல்லாம் துடைத்தாயிற்று. வாணி மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் அவள் வண்டியையும் கழுவினேன். அதை அவள் யாரையும் தொட விட மாட்டாள். சைக்கிள் வைத்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தான், காற்றடிப்பது முதல் எல்லாம் தானே செய்வாள். ஏன் என்று தெரியவில்லை. பூஜை நாள் என்பதால் நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

செயின் பார்க்கச் சகிக்கவில்லை. பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. நீல நிற டப்பாவில் ஏதோ ஸ்பிரே வைத்திருக்கிறாள், அதை அடிப்பாள், மெத்தென்ற பிரஷ்ஷால் வருடிக் கொடுப்பாள், குழந்தைக்குத் தலை சீவுகிற மாதிரி. அது எல்லாம் ஒரு வேலையா? ரேஷன் மண்ணெண்ணெய் நின்று போய்ப் பல காலம் ஆகிறது. என் மொபெட்டிலிருந்து அரை லிட்டர் பெட்ரோல் பிடித்து, கம்பி பிரஷ் போட்டு, கண்ணி கண்ணியாகத் தேய்த்தேன். இரண்டு மணி நேரம். துளசிமணியின் வெள்ளிக் கொலுசு மாதிரி ஆகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன்.

செயின் பக்கத்தில் ஏதோ மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. விலைச்சீட்டாக இருக்கும். ஈரத்தில் கையோடு வந்துவிட்டது.

அக்டோபர் 2, வியாழன்.

காலை 5.40க்குக் கிளம்பினாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம்.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பழக்கம் அவளுக்கு. குனிந்து செயினைப் பார்ப்பாள், ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பாள், பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றுவாள். பால் வாங்கப் போனாலும் இது உண்டு. இன்று குனிந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"செயினத் தொட்டீங்களாப்பா?"

"துணியில தொடச்சேன் கண்ணு. பூசைக்கு."

"துணியில மட்டும்தானுங்களே?"

"ஆமா."

துணியால் துடைத்ததும் உண்மைதானே. அவள் நீல டப்பாவை எடுத்து ஒரு சுற்று அடித்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "வர்றனுங்ப்பா" என்றாள். துளசிமணி அழுதாள். நான் கேட்டைச் சாத்தினேன்.

சாயங்காலம் நெல்லூரிலிருந்து போன். 575 கி.மீ. வண்டி நன்றாக ஓடுகிறது. "சத்தமே இல்லீங்ப்பா, பட்டு மாதிரி போகுது" என்றாள். போகாதா பின்னே.

அக்டோபர் 3.

ராஜமுந்திரி. மொத்தம் 1010. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். தேங்காய் மூன்று விழுந்தது. நிம்மதியான நாள்.

அக்டோபர் 4, சனி.

மொபெட் இழுக்கவில்லை என்று அன்வர் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அன்வர் நம் தெரு மெக்கானிக், கைராசிக்காரன். மொபெட்டைப் பிரித்தபடி, "பாப்பா எது வரைக்கும் போயிருச்சுங்ணா?" என்று கேட்டான். ராஜமுந்திரி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வண்டி பட்டு மாதிரி போகுதாம். நான்தான் செயினப் பெட்ரோல்ல ஊற வெச்சு, கம்பி பிரஷ் போட்டு, பளபளன்னு பண்ணி அனுப்புனேன்."

அன்வர் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ணா, அது ஓ ரிங் செயினுங்ணா."

"இருந்துட்டுப் போவட்டும். செயின் செயின்தானே?"

அவன் பழைய செயின் ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு பக்கமும் நூல் மாதிரி மெல்லிய ரப்பர் வளையம் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால்தான் தெரிகிறது.

"உள்ளார கம்பெனியிலயே கிரீஸ் வெச்சு, இந்த ரப்பரப் போட்டு மூடிருவாங்க. அது ஆயுசுக்கும் உள்ளயே இருக்கோணும். மண்ணெண்ணெய் கூடப் பரவால்லீங்ணா. பெட்ரோல் பட்டா ரப்பர் ஊதிக் காஞ்சு வெடிச்சுப் போயிரும். கம்பி பிரஷ் வேற போட்டிருக்கீங்க, கீறி உட்டிருக்கும். உள்ள இருக்கிற கிரீஸ் பூராக் கழுவிட்டு வந்திருக்கும். இனி வெளிய குடம் எண்ணெய் ஊத்துனாலும் உள்ள போகாது."

"ஆனா சத்தமே இல்லைன்னு சொன்னாளே?"

"இப்ப இருக்காதுங்ணா. ரெண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் போனாத்தான் தெரியும். கண்ணி அங்கங்க இறுகும். அப்பறம் எகிறும், இல்ல அத்துரும்."

"அத்துட்டா?"

அவன் மொபெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மறுபடியும் கேட்டேன். "பின் வீல்ல சுத்திக்கிட்டா வீல் பூட்டிக்கும்ங்ணா. பாப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க. எந்த ஊர்லயும் செயின் கெடைக்கும். பெரிய வேல இல்ல."

வீட்டுக்கு வந்தேன். அவள் ஸ்ரீகாகுளம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மொத்தம் 1310. துளசிமணிதான் பேசினாள். என்னிடம் போனை நீட்டினாள். தலைவலி என்றேன். தலைவலிதான்.

அக்டோபர் 5, ஞாயிறு.

புவனேஸ்வர். 1645.

சொல்வது சுலபம். "கண்ணு, அப்பா தெரியாமப் பெட்ரோல் போட்டுட்டேன், செயின மாத்திரு." ஒரே வாக்கியம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். அந்தத் "தெரியாம" என்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுபோனேன்.

சொன்னால் என்ன நினைப்பாள்? போகக் கூடாது என்று ஆறு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன், கிளம்புகிற நாளில் வண்டியில் கை வைத்திருக்கிறான் என்றுதானே நினைப்பாள்? (ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேனா? துளசிமணி அப்படிச் சொல்கிறாள்.) நான் வேண்டுமென்று செய்யவில்லை. இது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரிய வைப்பது?

சாயங்காலம் நானே பேசினேன். சுற்றி வளைத்துத்தான்.

"செயினுக்கு நல்லா எண்ணெய் உடு கண்ணு."

"உடறனுங்ப்பா. தெனமும் ரூமுக்கு வந்ததும், சூடு ஆறுறதுக்குள்ள அடிச்சிர்றேன்."

"எதுக்கும் அங்க ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டேன்."

சிரித்தாள். "என் வண்டிய நான் பாத்துக்குவனுங்ப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 6.

கரக்பூர். 1965. செயின் லூசாகிறதாம். நேற்றும் இன்றும் இறுக்கி வைத்தாளாம். "இந்தச் செயின் மாட்டி நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிருக்குது, எதுக்குன்னே தெரியலீங்ப்பா" என்றாள். "அப்படியா" என்றேன்.

மதியம் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய் சரியில்லை என்று துளசிமணியிடம் சண்டை போட்டேன். கத்தரிக்காய் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 7.

மால்டா. 2365. பேசவில்லை.

அக்டோபர் 8, புதன்.

சிலிகுரி. 2615. அன்வர் சொன்ன கணக்குக்குள் வந்துவிட்டாள்.

துளசிமணி தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிறாள். பரண் மேலிருந்து பழைய சைக்கிள் பம்பு ஒன்றை இறக்கி, "இதப் பழைய இரும்புக்குப் போட்டரலாங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பம்பைத் துடைத்து மறுபடியும் பரண்மேலேயே வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

இதுவரை எங்கேயும் எழுதாத விஷயம். எழுதிவிடுகிறேன்.

வாணி பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் நன்றாக ஆடுவாள். மாநிலப் போட்டிக்குத் திருச்சி போக வேண்டும், மூன்று நாள். காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து வேன். பொம்பளைப் பிள்ளை, மூன்று நாள் வெளியூர், வருஷக் கடைசி, பரீட்சை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், துளசிமணி அவள் பக்கம் பேசுவாள். விடியும் முன் எழுந்து, சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட்டு, வால்வ் டியூபைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்து படுத்துவிட்டேன். என் மொபெட் அன்று ரிப்பேர் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அவள் நான்கு கிலோமீட்டர் ஓடினாள். வேன் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து என் சட்டையைத் துவைத்தது வாணிதான். பையில் இருந்த வால்வ் டியூப் இரண்டையும் என் டைம்பீஸ் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் வண்டிக்கு அவளே காற்றடிக்கிறாள்.

அக்டோபர் 9.

கௌஹாத்தி. 3070. மழை பிடித்துக்கொண்டதாம். நாளை அங்கே ஓய்வு. மறுநாள் மலை ஏறுகிறாள். கௌஹாத்தி பெரிய ஊர், செயின் கிடைக்கும். நாளை சொல்லிவிடுகிறேன். கட்டாயம்.

அக்டோபர் 10, வெள்ளி.

மின்தடை காலை 9 முதல் 2 வரை, மாதாந்திரப் பராமரிப்பு.

பதினோரு மணிக்குப் போன் செய்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தைரியமாகத்தான் ஆரம்பித்தேன்.

"வாணி, அந்தச் செயின் விஷயம்..."

"அதச் சொல்லலாம்னுதானுங்ப்பா இருந்தேன். மூணு எடத்துல கண்ணி இறுகிருக்குது. இங்க ஒரு கடையில காட்டுனேன். நம்ம அளவு செயின் வர நாலு நாளாகுமாம். மெதுவாப் போனாத் தாங்கும், போயிட்டு வந்து மாத்திக்கலாம்ங்கறாங்க." துணி பிழியும் சத்தம் கேட்டது. "என் தப்புதானுங்ப்பா. கெளம்பற முந்தின நாளு ஒழுங்கா எண்ணெய் போடாம வந்துட்டேன் போல. மழையில வேற ஓட்டிட்டேன். வண்டியப் பத்தி எல்லாந் தெரியும்னு அலட்டிக்கறது, கடைசியில பாருங்க."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

"பரவால்ல உடு கண்ணு" என்றேன். நான் செய்ததற்கு நானே அவளை மன்னித்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் நடந்துகொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதையும் எழுதாவிட்டால் இந்த டைரியைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

முதல் தேதி எழுதிய மஞ்சள் சீட்டு விலைச்சீட்டு அல்ல. வாணியின் கையெழுத்து. "செயின் முடிஞ்சுது. தொட வேண்டாம்." அதை நான் அப்போதே படித்தேன். இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் பிய்த்தேன். அந்தச் சீட்டு இந்த டைரியில்தான், முதல் தேதிப் பக்கத்தில் இருக்கிறது.

கம்பத்தில் ஆள் ஏறினால் கீழே சுவிட்சில் ஓர் அட்டை தொங்கும். ஆள் வேலை செய்கிறார், தொடாதே. எவன் மாட்டினானோ அவனேதான் கழற்ற வேண்டும். மந்திரியே வந்து கேட்டாலும் மற்றவன் கை வைக்கக் கூடாது. முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். கை வைத்த ஒருவனைக் கன்னத்தில் அறைந்தே இருக்கிறேன். அப்படிப்பட்டவன், தன் மகள் எழுதி ஒட்டிய சீட்டைப் படித்துவிட்டுப் பிய்த்துப் போட்டேன். "தொட வேண்டாம்" என்பது எனக்காக எழுதியது என்று தெரிந்ததால் வந்த கோபம். வீட்டில் வேறு யார் தொடப் போகிறார்கள்?

கோபம் மட்டும்தானா? தெரியவில்லை. இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

அக்டோபர் 11, சனி.

காலை ஆறரைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கிளம்பிவிட்டாள். ஏழு, ஏழரை, எட்டு. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. ஹெல்மெட் போட்டிருப்பாள். பதினொன்றுக்கு மேல் மணியே அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்கிறது.

மெசேஜ் எழுதி அனுப்பினேன்: "செயின் ஆபத்து. மலையில் ஓட்டாதே. உடனே பேசு. அப்பா." ஒரே ஒரு டிக்.

மலைப் பாதை என்றால் கூப்பிட முடியாதுதான், அவளே சொல்லியிருக்கிறாள். துளசிமணிக்கு அது போதுமாக இருக்கிறது. எனக்குப் போதவில்லை. ஏன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு.

ஒரே டிக்.

அன்வர் பட்டறை இன்று விடுமுறை. வீட்டுக்கே போனேன். "சொல்லிட்டீங்கதானுங்ணா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

மதியம் துளசிமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல், சீட்டு, கௌஹாத்தி. அவள் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்குக் காத்தப் புடுங்குனீங்க. அதுக்கே அவ உங்க மேல கோவிக்கல, பயந்துதான் செஞ்சாரு அப்பான்னு என்கிட்டச் சொன்னா. இன்னைக்கு என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியலீங்க."

எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மாவு அப்படியே கிடக்கிறது. ஐம்பத்தேழு தடவை கூப்பிட்டிருக்கிறேன் என்று போன் காட்டுகிறது.

அக்டோபர் 13, திங்கள்.

காலை 8.10. தெரியாத எண்.

"அப்பா, நாந்தானுங். பயந்துக்காதீங்க."

பயந்துக்காதீங்க என்று ஆரம்பித்ததுமே துளசிமணியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பொம்டிலா தாண்டி இறக்கம். செயின் பல்சக்கரத்தை விட்டு எகிறியிருக்கிறது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி மலைப் பக்கம் சரிந்தது. மறுபக்கம் சரிந்திருந்தால் பள்ளம். முழங்கையில் சிராய்ப்பு, முட்டியில் வீக்கம், போன் நொறுங்கிவிட்டது. பின்னால் வந்த ராணுவ லாரிக்காரர்கள் வண்டியையும் அவளையும் ஏற்றி திராங் என்கிற ஊரில் இறக்கிவிட்டார்கள். தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் போன். நேற்று ஊர் முழுக்க டவர் இல்லை.

துளசிமணி அழுதுகொண்டே சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள். பிறகு, "செயின் என்னடான்னு பாத்தனுங்ப்பா" என்றாள். "ரப்பர் பூராப் பொடிப்பொடியா உதுருது. கம்பியில கீறுன மாதிரி இருக்குது. மழைக்கு இப்படி ஆகாதே."

"பெட்ரோல் கண்ணு."

"என்னங்ப்பா?"

"நான்தான். பூசையன்னிக்குப் பெட்ரோல் ஊத்தி, கம்பி பிரஷ் போட்டுத் தேச்சேன். துணியில தொடச்சேன்னு பொய் சொன்னேன். நாலாந்தேதியே அன்வர் சொன்னான். நான் உன்கிட்டச் சொல்லல. கௌஹாத்தியில நீ உன் தப்புன்னப்பக் கூடச் சொல்லல."

அந்தப் பக்கம் ஏதோ கோழி கூவியது.

"சீட்டு ஒட்டியிருந்தனே?"

"படிச்சேன்."

"வேணும்னே செஞ்சீங்களாப்பா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பத்து நாளாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த பதில் அதுதான். வாய் வரவில்லை. துளசிமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செயின வேணும்னு செய்யல கண்ணு" என்றேன். "சைக்கிளத்தான் வேணும்னு செஞ்சேன்."

லைன் கட்டாகிவிட்டது. டவர் போனதா, அவள் வைத்தாளா, தெரியவில்லை. முப்பத்து நான்கு வருடம் லைன் வேலை பார்த்தவனுக்கு இது தெரியவில்லை.

அக்டோபர் 14.

போன் இல்லை.

அக்டோபர் 15.

துளசிமணியின் போனுக்கு வந்தது. அடுப்படிக்குள் எடுத்துப் போய்ப் பேசினாள். தேஜ்பூரிலிருந்து சுமோவில் புதுச் செயின் வருகிறதாம். முட்டி வீக்கம் குறைந்துவிட்டதாம். என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. துளசிமணியும் சொல்லவில்லை.

திரும்பி வரச் சொல்லேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி.

புதுச் செயினைத் தானே மாட்டி, சேலா கணவாய் தாண்டி, தவாங் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதுவும் துளசிமணி சொல்லித்தான். நான் போய் மோட்டார் போட்டேன், தொட்டி நிறைந்து வழியும்வரை அங்கேயே நின்றேன்.

அக்டோபர் 20, தீபாவளி.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அன்வர் வந்தான், முறுக்கு கொடுத்தோம். வாணி அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். பெரிய மடாலயம், பின்னால் பனி மலை, முன்னால் வண்டியோடு அவள்.

"எவ்வளவு அழகா இருக்குது பாருங்க" என்றாள் துளசிமணி. நான் இரண்டு விரலால் பெரிதாக்கிச் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 29, புதன்.

சாயங்காலம் நாலேகாலுக்கு வந்து சேர்ந்தாள். கறுத்து, இளைத்து, முழங்கையில் தழும்போடு. வண்டியில் வடக்குத் தேசத்து மண் பூராவும் இருக்கிறது.

அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம், "வந்துட்டனுங்ப்பா" என்றாள். வேறு ஒன்றும் இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் டைம்பீஸ் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அந்தப் பழைய செயின். கையில் எடுத்தால் வளையவில்லை, கொக்கி மாதிரி நிற்கிறது.

குளித்துவிட்டு வந்தவளிடம், "மன்னிச்சுரு கண்ணு" என்றேன். இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. தலை துவட்டிக்கொண்டே, "சாப்பிடலாம் வாங்க" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு.

மூன்று நாளாக வண்டி போர்த்திக் கிடந்தது. இன்று காலை போர்வை எடுத்திருந்தது. நேற்று ராத்திரியே கழுவியிருக்கிறாள், செயினைத் தவிர. அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு. கீழே தரையில் நீல டப்பா, மெத்து பிரஷ், பழைய பனியன் துணி.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "செயின் பாக்கி."

வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வாணி கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

உட்கார்ந்தேன். டப்பாவின் முதுகில் உள்ளதை முழுசாகப் படித்தேன், இரண்டு தடவை. இஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாகப் பிரஷ் போட்டேன். ஒவ்வொரு கண்ணியிலும் ரப்பர் வளையம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு கண்ணி. துணியால் துடைத்து, காய விட்டு, உள்பக்கமாக எண்ணெய் அடித்து, வழிந்ததை ஒற்றி எடுத்தேன். பதினோராயிரம் வோல்ட் கம்பியில் வேலை பார்த்தபோதுகூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. நான் முடிக்கும்வரை அவள் ஒரு தடவைகூட வெளியே வந்து பார்க்கவில்லை.

சீட்டை நான் எடுக்கவில்லை. ஒட்டியவள் அவள்.

நவம்பர் 3, திங்கள்.

மின்தடை இல்லை. லேசான தூறல்.

ஐந்து மணிக்கே எழுந்து செயினை மூன்று தடவை பார்த்துவிட்டேன். எட்டே காலுக்கு வாணி வேலைக்குக் கிளம்பினாள். ஹெல்மெட், பை, டிபன் பாக்ஸ். மஞ்சள் சீட்டை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். நான் கேட் பக்கத்தில் நின்றேன். இப்போது குனிவாள், விரலால் தூக்குவாள், சக்கரத்தைச் சுற்றுவாள், ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

குனியவில்லை. ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, "வர்றனுங்ப்பா" என்று போய்விட்டாள்.